மூடியைத் திறந்தவன்

என்னைப் பொறுமைசாலி என்று சில கூட்டங்களில் அறிமுகப்படுத்துகிறார்கள். அறுநூறு பக்க நாவல் ஒன்றை ஐந்து வருஷம் உட்கார்ந்து எழுதியதால் வந்த பெயர் அது. அந்தக் கூட்டத்தில் என் மனைவி இருந்தால் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வாள். இட்லிப் பானை அடுப்பில் ஏறிய மூன்றாவது நிமிஷமே மூடியைத் தூக்கி, வெந்துவிட்டதா என்று பார்க்கிற ஆசாமி நான் என்பது அவளுக்குத்தான் தெரியும். "ஆவி போயிடும், மூடுங்களேன்" என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இட்லி விஷயத்தில் இதனால் பெரிய நஷ்டம் எதுவும் வந்துவிடவில்லை. இரண்டு நிமிஷம் தாமதமாகும், அவ்வளவுதான். ஆனால் இதே கை ஒரு தடவை வேறொரு மூடியைத் தூக்கிவிட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்ட சமாசாரம்.

என் அக்காவுக்கு ஒரே பெண். வீட்டில் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தெட்டு வயசாகியும் அந்தப் பெயர் போகவில்லை. அக்கா இருப்பது லால்குடிக்கு அப்பால் ஒரு கிராமம். குட்டிக்குத் திருச்சியில் ஒரு கல்லூரியில் பௌதிக ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்ததும், ஸ்ரீரங்கத்தில் எங்களோடு வந்து தங்கிவிட்டாள்.

நானும் ஒரு காலத்தில் பௌதிகம் படிக்கப் போனவன்தான். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தில் அப்பா படுத்த படுக்கையானார். அத்தோடு படிப்பு நின்றுபோயிற்று. அந்த இரண்டு வருஷத்தில் கற்றதெல்லாம் மறந்துவிட்டது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒரு ஜாம் பாட்டிலில் மயில்துத்தக் கரைசலை ஊற்றி, நூலில் ஒரு சிறு துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஹாஸ்டல் அறை ஜன்னலில் வைத்திருந்தேன். நல்ல நீலம். சாய்த்து வைத்த பெட்டி மாதிரி பளபளவென்று முகங்கள். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். ஊருக்குப் போய் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பியபோது, அறையில் கூட இருந்தவன் அதை வெளியே கொட்டிவிட்டுப் பாட்டிலில் எலுமிச்சங்காய் ஊறுகாய் வைத்திருந்தான். "நல்லாக் கழுவிட்டேன்டா" என்றான். மயில்துத்தம் விஷம் என்று அவனுக்கு நான் சொல்லவில்லை. கோபம்தான். அவன் இன்றும் சௌக்கியமாக இருக்கிறான்.

ஆகவே, குட்டி தன் ஆராய்ச்சி படிகம் வளர்ப்பது என்று சொன்னபோது எனக்கு உண்டான சந்தோஷத்தில் கொஞ்சம் சுயநலமும் கலந்திருந்தது.

"எதுக்கும்மா படிகம்?" என்று கேட்டேன்.

"வெளிச்சத்தை ஆட்டி வைக்கறதுக்கு மாமா."

சொன்னாள். நாம் செல்போனில் பேசுகிற பேச்சு அமெரிக்காவுக்குக் கடலுக்கு அடியில் கண்ணாடி இழை வழியாக வெளிச்சமாகப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், சிவப்புக்கும் அப்பாற்பட்டது. லேசரிலிருந்து வருகிற அந்த வெளிச்சம் எண்ணெய் ஒழுகுகிற மாதிரி ஒரே சீராக வரும். அதில் செய்தி எதுவும் கிடையாது. அதைக் கூட்டியும் குறைத்தும், விட்டும் வெட்டியும் அனுப்பினால்தான் அது பேச்சாகவோ படமாகவோ ஆகும். வினாடிக்கு நூறு கோடி, ஆயிரம் கோடி தடவை என்கிற கணக்கில் அதை வெட்ட வேண்டும். அத்தனை வேகத்தில் எந்தக் கதவைத் திறந்து மூட முடியும்? சில படிகங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. மின்சாரத்தைக் காட்டினால், அவற்றுக்குள் வெளிச்சம் போகிற வேகம் ஓர் அணு மாறும். அந்த அற்ப மாறுதலை வைத்துக்கொண்டு வெளிச்சத்தை மங்கவும் பிரகாசிக்கவும் செய்துவிடலாம். எதுவும் அசைய வேண்டியதில்லை.

இந்த வேலைக்கு உலகம் முழுவதும் பழக்கத்தில் இருப்பது லித்தியம் நையோபேட் என்ற படிகம். கல் ஜாதி. குட்டி வளர்ப்பது கல் ஜாதி அல்ல. கரிமச் சேர்மம், அதாவது சர்க்கரை, கற்பூரம், மருந்து மாத்திரை ஆகியவற்றின் வம்சம். அதன் பெயர் கூட்ஸ் வண்டி நீளம். சுருக்கமாக டாஸ்ட் என்கிறார்கள். மின்சாரத்துக்கு ஒரு படிகம் எவ்வளவு இணங்குகிறது என்பதை அளக்க ஓர் எண் இருக்கிறது. நையோபேட்டுக்கு அது ஏறக்குறைய 31. கண்ணாடி இழையில் போகிற அந்த வெளிச்சத்துக்கு டாஸ்ட் 47 காட்டியிருக்கிறது.

"அப்போ எல்லாரும் இதையே உபயோகிக்க வேண்டியதுதானே?"

"இது வளரணுமே மாமா" என்றாள்.

இந்த 'வளரணுமே'வுக்குள்தான் அவளுடைய நாலு வருஷம் இருந்தது.

முதல் சங்கடம், இந்த மூலக்கூறுகளின் சுபாவம். ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு முனை கொடுப்பது, மறுமுனை வாங்குவது என்று இருக்கிறது. வெளிச்சத்தை ஆட்டுகிற சக்தி அந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் வருகிறது. ஆனால் அப்படிப்பட்ட இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் விட்டால், அவை உடனே தலைமாடு கால்மாடாகப் படுத்துக்கொண்டுவிடும். கோடை விடுமுறையில் பாட்டி வீட்டு மாடியில் ஒரே பாயில் நாங்கள் படுப்போமே, அப்படி. ஒருவன் தலை, மற்றவன் கால். இடம் மிச்சம், சண்டை கிடையாது. ஆனால் படிகத்தில் ஒன்றின் சக்தியை மற்றது ரத்து செய்துவிடும். பார்க்க அழகான படிகம் வந்துவிடும், உபயோகம் பூஜ்யம்.

1989ஆம் வருஷம் கலிபோர்னியாவில் மார்டர், பெர்ரி, ஷேஃபர் என்ற மூன்று பேர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்த மூலக்கூறுகளுக்கு நடுநடுவே எதிர் மின்னேற்றம் உள்ள வேறொரு மூலக்கூற்றைக் கொண்டு வந்து படுக்க வைத்தார்கள். சண்டைபோடும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் மூன்றாவது ஒரு பிள்ளையைப் போடுவதுபோல. அந்த நடுப்பிள்ளைகளில் எத்தனையோ தினுசை மாற்றிப் பார்த்ததில், டோஸிலேட் என்பதைப் போட்டபோது எல்லாம் ஏறக்குறைய ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்துக்கொண்டன. அதுதான் டாஸ்ட். வெளிச்சத்தின் அதிர்வை இரட்டிப்பாக்குகிற சோதனையில் யூரியாவைவிட ஆயிரம் மடங்கு வலுவாக இருந்ததாம். நம் வயலுக்குப் போடுகிற யூரியாவேதான். இந்த உலகத்தில் அதுதான் படிக்கல் மாதிரி.

இரண்டாவது சங்கடம், படிகம் கட்டியாக இருந்தால் போதாது. ஏடாக இருக்க வேண்டும். இதை நான் புரிந்துகொள்ளக் குட்டி ஒரு கணக்குச் சொன்னாள். மின்சாரம் தருகிற இரண்டு உலோகக் கோடுகளுக்கு நடுவே ஐந்து மில்லிமீட்டர் இருந்தால், படிகத்தை அசைக்க ஐயாயிரம் வோல்ட் வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியை ஐந்து மைக்ரானாகக் குறைத்தால் அதே வேகத்தை ஐந்து வோல்ட் கொடுத்துவிடும். ஐந்து வோல்ட் செல்போன் சார்ஜரில் வருகிறது. அப்படிக் கோடுகளை நெருக்கிப் போட்டால், வெளிச்சமும் பரவாமல் அந்தக் கோடுகளுக்கு நடுவிலேயே போக வேண்டும். அதற்குப் படிகமும் மெல்லியதாக இருக்க வேண்டும். நம் தலைமுடி கிட்டத்தட்ட எழுபது, எண்பது மைக்ரான் தடிமன். அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஏடு. அந்த ஏடு முழுவதும் ஒரே படிகமாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே பக்கம் தலைவைத்து இருக்க வேண்டும்.

கட்டியை எடுத்துச் சீவ முடியாதா? கட்டை சீவுவதுபோலச் சீவினால் டாஸ்ட் நொறுங்கும். ஆகவே ஏடாகவே பிறக்கச் செய்ய வேண்டும்.

செய்முறையைக் கேட்டால் சிரிப்பு வரும், அத்தனை சாதாரணம். இரண்டு கண்ணாடித் துண்டுகள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் இல்லை என்று சொல்லும்படியான இடைவெளி விட்டு வைக்கிறார்கள். டாஸ்ட்டை மெத்தனாலில் கரைத்து, ஓரத்தில் காட்டினால், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அது தானே உள்ளே ஏறிக்கொள்ளும். அதை ஒரு கண்ணாடிப் பாத்திரத்துக்குள் வைத்து மூடி, பாத்திரத்தை வெந்நீர்த் தொட்டியில் வைத்து, தொட்டியின் சூட்டை நாளுக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாக இறக்கிக்கொண்டே போக வேண்டும். எங்கேயோ ஒரு சிவப்புப் புள்ளி தோன்றும். பிறகு அது கண்ணாடிகளுக்கு நடுவே, மேலேயும் கீழேயும் போக வழியில்லாமல், பக்கவாட்டில் படரும். அவ்வளவுதான். மூன்று வாரம், நாலு வாரம். அதுவரை தொடக்கூடாது, ஆட்டக்கூடாது, திறக்கக்கூடாது.

பனங்கற்கண்டு செய்கிறவர்களுக்கு இது புதிசல்ல. காய்ச்சிய பாகைப் பாத்திரத்தில் ஊற்றி, குறுக்கே நூல் கட்டி, ஏறக்குறைய நாற்பது நாள் அப்படியே விட்டுவிடுவார்கள். நூலில் கற்கண்டு கட்டியிருக்கும். சர்க்கரையும் கரிமப் படிகம்தான். வெளிச்சத்தை ஆட்டுகிற குணம் அதற்கும் துளி உண்டாம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இன்று கரிமப் படிகம் வளர்க்கிற ஆராய்ச்சி மாணவர்கள் நிறைய இருக்கிறார்கள். கரைசலிலிருந்து ஒரே திசையில் படிகத்தை வளர்க்கிற ஒரு முறைக்கு, 2005இல் அதை வெளியிட்ட சங்கரநாராயணன், ராமசாமி என்ற இருவர் பெயரே வழங்குகிறது. இதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை. பாகைக் காய்ச்சி ஊற்றிவிட்டு நாற்பது நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரிந்த ஊர்தானே. நான் ஒருவன்தான் விதிவிலக்கு.

மூன்றாவது சங்கடம் தண்ணீர். டாஸ்ட்டின் ஜன்ம விரோதி ஈரம். கரைசலில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்துவிட்டால், அது மூலக்கூறுகளோடு போய் ஒட்டிக்கொண்டு வேறு படிகமாகக் கட்டும். அந்தப் படிகத்தில் எல்லாம் மறுபடி தலைமாடு கால்மாடு. இதில் ஒரு தயவு, நிறம் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல டாஸ்ட் ஊடே பார்த்தால் செக்கச் சிவப்பு. சாய்த்துப் பார்த்தால் பொன்வண்டின் முதுகு மாதிரி பச்சையும் பொன்னுமாக மின்னும். தண்ணீர் சேர்ந்தது ஆரஞ்சு. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றே பாதி தண்ணீர். "ஏம்மா, கோடையில் வளர்க்கக்கூடாதா?" என்றேன். "கோடையில கரண்ட் போகும் மாமா" என்றாள்.

குட்டியின் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. சினிமாக்காரர் யாரும் இல்லை. பழங்கால உடையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள். கல்லூரி ஸ்தாபகரோ என்று நினைத்தேன். "ஆக்னஸ் பாக்கெல்ஸ் மாமா. இவங்க தம்பி பேரைத்தான் எங்க பாடத்துக்கு வெச்சிருக்காங்க" என்றாள். அந்த அம்மாளைப் பற்றிப் பிறகு நானாகத் தேடிப் படித்தேன். கதைக்காரனுக்கு இப்படி ஒரு விஷயம் லேசில் கிடைப்பதில்லை.

ஆக்னஸ் 1862இல் வெனிஸ் நகரத்தில் பிறந்தாள். தகப்பனார் ஆஸ்திரியப் பட்டாளத்தில் இருந்தவர்; மலேரியாவால் உடம்பு கெட்டு வேலையை விட்டவர். குடும்பம் ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்ற ஊரில் குடியேறியது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தாள். பௌதிகம் என்றால் உயிர். ஆனால் அந்தக் காலத்தில் பெண்களுக்குச் சர்வகலாசாலையின் கதவு திறக்கவில்லை. பிற்பாடு திறந்தபோது, நோயாளிப் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. மூன்று வயது சிறியவன் தம்பி ஃப்ரீட்ரிஹ். அவன் கெட்டிங்கனுக்குப் பௌதிகம் படிக்கப் போனான். அக்கா வீட்டில் சமையல், பாத்திரம், மருந்து.

பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் எண்ணெய்ப் படலம் எப்படி மிதக்கிறது, எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்க ஆரம்பித்தாள் என்று சொல்வார்கள். வெறுமே பார்த்துவிட்டு விடவில்லை. ஒரு தகரத் தொட்டி செய்தாள். அதன் குறுக்கே ஒரு தகரப் பட்டை. பட்டையை நகர்த்தினால் படலம் நெருங்கும், விலக்கினால் பரவும். தண்ணீரின் மேல் ஒரு பொத்தானை வைத்து, அதை எழுப்ப எவ்வளவு எடை வேண்டும் என்று தராசில் அளந்தாள். கிட்டத்தட்ட இருபது வயசில் ஆரம்பித்த வேலை. தம்பி புஸ்தகங்களும் சஞ்சிகைகளும் அனுப்பிக்கொண்டிருந்தான். பத்து வருஷம் போல வெளியே ஒருவருக்கும் இது தெரியாது. 1891 ஜனவரியில், இங்கிலாந்தில் ரேலி பிரபு இதே விஷயத்தில் வேலை செய்கிறார் என்று அறிந்து, ஜெர்மன் பாஷையில் அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். ரேலியின் மனைவி அதை மொழிபெயர்த்தாள். ரேலி அதை 'நேச்சர்' பத்திரிகைக்கு அனுப்பிவைத்தார். அந்த வருஷம் மார்ச் 12ஆம் தேதி இதழில் வந்தது.

அந்தத் தொட்டியைத் திருத்தி அமைத்து, ஒரே ஒரு மூலக்கூறு கனமுள்ள படலங்களை ஆராய்ந்த லாங்க்மியூர் என்ற அமெரிக்கர் 1932இல் நோபல் பரிசு வாங்கினார். அதே வருஷம் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரி ஆக்னஸுக்கு ஒரு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அவளுக்கு வயசு எழுபது.

தம்பி ஃப்ரீட்ரிஹ் 1893இல், மின்சாரம் காட்டினால் சில படிகங்களில் வெளிச்சத்தின் போக்கு நேர்விகிதமாக மாறுகிறது என்பதைச் சோதித்துக் காட்டினார். அதைத்தான் இன்று பாக்கெல்ஸ் விளைவு என்கிறார்கள். அவர் 1913லேயே காலமாகிவிட்டார். அக்கா 1935 வரை இருந்தாள்.

படலம் அக்காவுடையது, படிகத்தை ஆட்டுவது தம்பியுடையது. குட்டியின் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அவளிடம் இதைச் சொன்னபோது, "படலம்னாலும் அது வேற, இது வேற மாமா" என்று திருத்தினாள். ஆனாலும் படத்தில் தம்பியை ஒட்டாமல் அக்காவைத்தான் ஒட்டியிருந்தாள்.

இனி மூடிக்கு வருகிறேன்.

2022 நவம்பர் 10ஆம் தேதி. நல்ல மழை. குட்டி ராத்திரியும் ஆய்வுக்கூடத்திலேயே இருந்தாள். பத்தொன்பது நாளாக ஒரு படிகம் வந்துகொண்டிருந்தது. அக்கா தை மாசம் வரை கெடு கொடுத்திருந்தாள். அதற்குள் ஆராய்ச்சி முடியாவிட்டால் மணப்பாறைப் பக்கத்து வரனுக்குச் சம்மதம் சொல்லிவிட வேண்டியது என்று ஏற்பாடு. உதவித்தொகையும் டிசம்பரோடு நின்றுபோகிறது. ஆகவே இந்த ஏடு வந்தாக வேண்டும். நான் சாப்பாட்டுக் காரியரை எடுத்துக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை. குட்டி தாழ்வாரத்துக் கோடியில் செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலிலிருந்து அக்காவோடு என்று தெரிந்தது. காரியரை மேஜையில் வைத்தேன். வெந்நீர்த் தொட்டி மெதுவாக முனகிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. உள்ளே பாத்திரம் தெரிந்தது. பாத்திரத்துக்கு மேல் கண்ணாடி மூடி. அதில் ஆவி படிந்து முத்து முத்தாக நின்றதால் உள்ளே இருப்பது தெரியவில்லை. ஒரு சிவப்பு மட்டும் கலங்கித் தெரிந்தது.

பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினேன். பிறகு கண்ணாடி மூடியையும் தூக்கினேன்.

அங்கே நான் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு ஏடு. ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோடாக இருந்தன. தலையைச் சாய்த்தேன், ஒரு கணம் பச்சையாகப் பொன்னாக மின்னிற்று. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய ஜன்னல் ஞாபகம் வந்தது. என் சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அரை நிமிஷம் இருக்கும். தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு மூடிகளையும் வைத்துவிட்டு, ஜன்னலருகில் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எட்டு நாள் கழித்து ஏட்டின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் மணல் மணலாகக் கட்டத் தொடங்கிற்று. மறுநாள் ஏடு முழுவதும் பாழ்.

குட்டி அழவில்லை. வீட்டுக்கு வந்து, மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "மெத்தனால்ல தண்ணி இறங்கியிருக்கு மாமா. அந்தப் பையன் பாட்டிலைச் சரியா மூடலை போலிருக்கு. இன்னிக்கு நல்லாத் திட்டிட்டேன்" என்றாள்.

அவளுக்குக் கீழே முதல் வருஷம் சேர்ந்த ஒரு பையன். நான் போகும்போதெல்லாம் எழுந்து நின்று நாற்காலி கொடுப்பான்.

"அப்படியா" என்றேன்.

இந்த 'அப்படியா'வை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. என் நாவல்களில் எத்தனை பேர் எத்தனை பாவங்களை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்! கொலை செய்தவன்கூட ஒப்புக்கொண்டிருக்கிறான். அந்த அத்தியாயத்துக்கு எனக்குப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அவ்வளவையும் எழுதிய எனக்கு, மூடியைத் திறந்தேன் என்ற இரண்டு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. முதல் நாள் சொல்லியிருந்தால் வந்திருக்கும். இரண்டாம் நாள் கொஞ்சம் கஷ்டம். ஒரு வாரம் போனதும், 'ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை' என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நாள் ஏற ஏற அது கெட்டியாகிக்கொண்டே போயிற்று.

குட்டி மெத்தனாலை மறுபடி காய்ச்சி வடித்தாள். கண்ணாடிகளை மறுபடி கழுவினாள். டிசம்பரில் போட்டதில் ஒரே ஏட்டுக்குப் பதிலாக நாற்பது சிவப்புத் துணுக்குகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். அதுவும் போயிற்று. உதவித்தொகை நின்றது. அக்கா தினம் போன் பண்ணினாள். என்னிடமும் பேசினாள். "நீயாவது சொல்லேன்டா அவகிட்ட. நாலு வருஷமாக் கண்ணாடி கழுவிட்டிருக்கா" என்றாள். அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். பெண்ணை நாலு வருஷம் படிக்க அனுப்பிவிட்டுச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்புத் துணுக்குக் காத்திருப்பது என்றால் எந்தத் தாயாருக்கும் புரியாதுதான்.

2023 ஜனவரி 2ஆம் தேதி வைகுண்ட ஏகாதசி. பரமபத வாசல் திறப்பதைப் பார்க்க ஸ்ரீரங்கத்தில் ஊர்ப்பட்ட கூட்டம். பஸ் எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. குட்டி அன்றும் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றாள். காவேரிப் பாலத்தின் மேல் நடந்தோம். எதிரே ஜனங்கள் கோயிலை நோக்கி வந்துகொண்டே இருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் எதிர்த் திசையில். பாலத்தின் நடுவில் சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்று ஞாபகமில்லை. "நான்தான் திறந்தேன்" என்று முடித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

குட்டி நிற்கவில்லை. நடந்துகொண்டே, "தெரியும் மாமா" என்றாள்.

தொட்டியின் சூட்டை ஒரு கருவி நிமிஷத்துக்கு நிமிஷம் குறித்துக்கொண்டிருக்கிறது. நேர்கோடாக இறங்கி வருகிற கோட்டில், நவம்பர் 10ஆம் தேதி இரவு 8.42க்கு ஒரு சின்னப் பல். அந்த நேரத்தில் அறையில் சாப்பாட்டுக் காரியரோடு நின்றவர் யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணர் தேவையில்லை. பையனைத் திட்டிய மறுநாளே பார்த்துவிட்டாளாம். அன்றைக்கே அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாளாம்.

"பின்னே ஏன் என்கிட்டே கேக்கலை?"

"நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன். அம்பத்து மூணு நாள் ஆச்சு. என் டாஸ்ட்கூட இவ்வளவு நாள் எடுத்துக்கறதில்லை."

சிரித்தாளா என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நானே கேட்டேன்: "நான் திறந்ததால்தான் கெட்டுதா?"

"இருக்கலாம். பாட்டிலும் சரியில்லாம இருந்திருக்கலாம். ஒரே ஒரு தடவை நடந்ததை வெச்சு எதுவும் சொல்லக்கூடாது. இன்னொரு தடவை திறந்து பார்த்தாத்தான் தெரியும்." பிறகு, "திறக்கறீங்களா?" என்றாள். அப்போதுதான் சிரித்தாள்.

தை போயிற்று. மாசியும் போயிற்று. மணப்பாறை வரனுக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்தது. அக்கா இரண்டு மாசம் என்னோடு பேசவில்லை. பங்குனி மாசத்தில் ஒரு நாள் சாயங்காலம் குட்டி போன் பண்ணி, "மாமா, வாங்க. காரியர் வேண்டாம்" என்றாள்.

ஏடு வெளியே எடுத்தாகிவிட்டிருந்தது. முன்னால் நான் பார்த்ததைவிடச் சின்னது. ஒரு ஓரம் கொஞ்சம் உடைந்திருந்தது. அதன்மேல் உலோகக் கோடுகள் போட்டு, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை உள்ளே விட்டு, இன்னொரு பக்கம் அளக்கிற கருவி. மேஜையில் ஒரு திரை. அதில் மேலே ஒரு கோடு, நெளிநெளியாக. அது அவள் கொடுக்கிற மின்சாரம். கீழே ஒரு கோடு, தட்டையாக, அது வெளிச்சம். சுவிட்சைப் போட்டாள். கீழ்க்கோடு நடுங்கிற்று, பிறகு மெல்ல மெல்ல மேல்கோட்டைப் போலவே நெளிந்தது. சுவிட்சை அணைத்தாள், படுத்துக்கொண்டது. இதைக் கொண்டு நாளைக்கே கடலுக்கு அடியில் பேசிவிட முடியாது. டெராஹெர்ட்ஸ் என்ற வேறொரு அலையை உண்டாக்குவதற்கு டாஸ்ட் படிகம் கடையில் விலைக்கே கிடைக்கிறது; ஆனால் வெளிச்சத்தை ஆட்டுகிற கருவிகளில் நையோபேட்டின் ராஜ்யம்தான் நடக்கிறது. குட்டியே சொன்னாள். அவள் முகத்தில் அதைப் பற்றி வருத்தம் ஒன்றும் தெரியவில்லை.

நாற்காலி கொடுக்கிற பையனும் அங்கே இருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மேஜைக்கு ஒரு கஜம் தள்ளியே நின்றேன்.

"இங்கே வாங்க மாமா. மைக்ராஸ்கோப்புல பாருங்க" என்றாள் குட்டி. ஒரு வெட்டுத் துண்டைத் தனியாக அதில் வைத்திருந்தாள். ஒரே படிகமா, பல துண்டுகள் சேர்ந்ததா என்று கண்டுபிடிக்க வழி அதுதான். அடித்தட்டைச் சுற்றினால், ஒரே படிகமாக இருந்தால் முழுவதும் ஒரே நேரத்தில் இருளும். ஒரே நேரத்தில் விடியும். பல துண்டாக இருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக.

குனிந்து பார்த்தேன். கண் முழுவதும் சிவப்பு.

"சுத்துங்க" என்றாள்.

"நானா?"

"நீங்கதான். வலது பக்கத்துல திருகு இருக்கு பாருங்க."

பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து, வேஷ்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டேன். தட்டை மெதுவாகச் சுற்றினேன். சிவப்பு மங்கிற்று, இன்னும் மங்கிற்று, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே இருட்டாயிற்று. மேலும் சுற்றினேன். முழுவதும் ஒன்றாக விடிந்தது. மறுபடியும் சுற்றினேன்.

"போதும் மாமா" என்று குட்டி மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். எனக்கு மூன்றாவதுதான் காதில் விழுந்தது.